நிழற்செடிக்கு எவ்வளவு வெளிச்சம்?



செடி வளர்க்கும் மீன்தொட்டிக்கு எந்த எல்.இ.டி. விளக்கு பொருத்தம் என்று பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். விளக்குக்கு வருமுன் ஒரு செடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விளக்கு வாங்குவது செடிக்காகத்தான். அது எந்த ஊர்ச் செடி, அங்கே எவ்வளவு வெயில் பார்த்து வளர்ந்தது என்று தெரிந்துவிட்டால், பாதிக் கேள்விகளுக்குக் கடைக்குப் போகாமலே பதில் கிடைத்துவிடும்.

சென்னை கொளத்தூர் மீன்கடைகளில் சின்னப் பிளாஸ்டிக் கூடைகளில் வைத்து ஒரு செடி விற்பார்கள். ஓரம் நெளிந்த நீள இலை. பச்சையா பழுப்பா என்று சட்டெனச் சொல்ல முடியாத நிறம். கடைக்காரர் 'கிரிப்டோ' என்பார். முழுப்பெயர் கிரிப்டோகொரைன் வெண்ட்டி. டி விட் என்ற டச்சுத் தாவரவியலாளர் 1958இல் இதை முறையாக விவரித்துப் பெயரிட்டார். இலங்கையைத் தவிர வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. மழைக்காலத்தில் ஓடை பெருகும்போது நீருக்கடியில் இருக்கும். நீர் வடிந்தால் கரைச்சேற்றில் நின்று பூக்கும். தலைக்கு மேலே மரங்கள் அடர்ந்திருக்கும். இதே கடைகளில் கிடைக்கும் செர்ரி பார்ப் மீனும் இலங்கைக்கே உரியது. 1929இல் விலங்கியலாளர் டெரணியகல விவரித்த இந்த மீன், தீவின் தென்மேற்கில், மரநிழல் விழும் ஆழமில்லாத ஓடைகளில் வாழ்கிறது. கண்ணைக் கூசவைக்கும் விளக்குக்குக் கீழே விட்டால் வெளிறிப்போய் மூலையில் ஒதுங்கும். வெளிச்சத்தைத் தணித்து, ஒதுங்கி நிற்க இலையும் கொடுத்துப் பாருங்கள், ஆண்மீன் செக்கச்செவேலென்று நடுத்தொட்டிக்கு வரும்.

கிரிப்டோ மட்டும் இல்லை. அனுபியாஸ் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் காட்டு ஓடைகளிலிருந்து வந்தது. ஜாவா ஃபெர்ன் தென்கிழக்கு ஆசியாவில் ஈரப்பாறைகளைப் பற்றிக்கொண்டு வளர்வது. பூசெஃபலாண்ட்ரா போர்னியோவின் ஓடைப்பாறைகளைச் சேர்ந்தது. நம் குளத்துத் தாமரை, ஆம்பல், கொட்டி எல்லாம் வேறு வகை. திறந்த வானத்தின் கீழே முழு வெயிலைக் குடிப்பவை அவை. இன்று நான் பேசப்போவது நிழற்செடிகளைப் பற்றி. கரியமிலவாயு உருளை வைக்காமல், வேலைக்குப் போய்வரும் ஒருவர் வீட்டில் நிம்மதியாகப் பராமரிக்கக்கூடிய தொட்டிக்கு இவைதான் ஏற்றவை என்பது என் தீர்மானமான கருத்து.

வெப்பமண்டல மழைக்காட்டில் மரத்தலைகளுக்கு மேலே விழும் ஒளியில் தரைக்கு வந்து சேர்வது ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடுதான். ஓடை ஓடும் இடத்தில் கிளைகள் கொஞ்சம் விலகியிருக்கும், அங்கே சற்றுக் கூடுதலாகக் கிடைக்கலாம். இந்த ஒன்றிரண்டு விழுக்காட்டை எண்ணாக மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்கு ஓர் அளவுகோலை அறிமுகம் செய்துகொள்வோம்.

400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ள ஒளியைத்தான் செடி ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்துகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடிக்கு இத்தகைய ஒளித்துகள்கள் எத்தனை விழுகின்றன என்பதை மைக்ரோமோல் கணக்கில் சொல்வார்கள். மீன்தொட்டிக்காரர்கள் இதைச் சுருக்கமாக 'பார்' என்கிறார்கள். நல்ல உச்சிவெயிலில் இது 2000 வரை போகும். நிழற்செடித் தொட்டியில், மண்மட்டத்தில், 15 முதல் 30 இருந்தால் போதும். 50ஐத் தாண்டினால் அது வேறு உலகம். அங்கே கரியமிலவாயு உருளையும் உரக்கணக்கும் இல்லாமல் காலம் தள்ள முடியாது.

இரண்டாயிரம் எங்கே, இருபத்தைந்து எங்கே, செடி பட்டினி கிடக்காதா என்று தோன்றும். ஒரு நாளின் மொத்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 25 மைக்ரோமோல் வீதம் 8 மணி நேரம் விளக்கெரிந்தால் ஒரு சதுர மீட்டருக்கு 0.72 மோல் ஒளி கிடைக்கிறது. வெப்பமண்டலத்தில் மேகமில்லாத ஒரு நாளின் வெயில் 40 மோலை எட்டும். அதில் 1 முதல் 2 விழுக்காடு என்றால் 0.4 முதல் 0.8 மோல். நம் தொட்டி விளக்கு அந்த வரம்புக்குள்தான் நிற்கிறது. ஆகவே, 'குறைந்த ஒளி' என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அது இந்தச் செடிகளுக்குப் பழக்கமான முழு உணவு. கடையில் பரிதாபப்பட்டு இன்னும் பெரிய விளக்காக எடுத்துக்கொள்ள வேண்டிய தேவையே இல்லை.

கூடுதலாக இருந்தால்தான் என்ன, செடி வேகமாக வளரட்டுமே என்று அடுத்த கேள்வி வரும். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். மற்றவை எல்லாம் மறந்துபோனாலும் இது நினைவில் இருந்தால் போதும்.

செடி சர்க்கரை தயாரிக்க ஒளி மட்டும் போதாது, கரியமிலவாயுவும் வேண்டும். காற்றில் உள்ள செடிக்கு அது இலையைச் சுற்றி எப்போதும் இருக்கிறது. நீருக்கடியில் நிலைமை அப்படி இல்லை. காற்றைவிட நீரில் கரியமிலவாயு ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. காற்றோடு சமநிலையில் இருக்கும் நம் ஊர் நீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவே கரைந்திருக்கும். மீனும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால் தொட்டியில் அது சற்றுக் கூடும். உருளை வைத்து வாயு செலுத்துபவர்கள் இதை 30 மில்லிகிராம் வரை கொண்டுபோகிறார்கள். உருளை இல்லாத தொட்டியில் 80 மைக்ரோமோல் ஒளியைக் கொட்டினால் என்ன ஆகும்? கைக்கெட்டிய சொற்ப வாயுவைச் செடி காலையிலேயே முடித்துவிடும். மீதி நேரம் முழுக்க ஒளி விழுந்துகொண்டே இருக்கும், அதைக்கொண்டு செய்ய ஒரு வேலையும் இருக்காது. வயலில் உரத்தை அள்ளிக் கொட்டிவிட்டுத் தண்ணீர் கட்டாமல் விட்டால் பயிர் செழிக்குமா? அதே கதைதான் இங்கேயும். செடி நலிகிறது, அதைவிட மிகக் குறைந்த தேவை உள்ள பாசி அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது.

டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்டர்சனும் பெடர்சனும் ரிச்சியா ஃப்ளூய்டன்ஸ் என்ற நீர்த்தாவரத்தை வைத்து இதை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். ஒளியைக் குறைவாகவே வைத்துக் கரியமிலவாயுவை மட்டும் கூட்டினாலே வளர்ச்சி பன்மடங்கு உயர்ந்தது. நீரில் அரிதாக இருக்கும் வாயுவைத் தேடிப் பிடிக்கவே செடி தன் சக்தியில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. வாயு எளிதாகக் கிடைத்தால் அந்தச் சக்தி ஒளியை வாங்குவதற்குத் திரும்பிவிடுகிறது. நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு: வளர்ச்சி மந்தமாக இருக்கும்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது விளக்கை அல்ல. நீரின் ஓட்டம் இலைகளைத் தொடுகிறதா, மண்ணில் ஊட்டம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கை விளக்குப் பக்கம் போக வேண்டும்.

சரி, கடைக்குப் போவோம். பெட்டியின் மேல் வாட் எழுதியிருக்கும். டியூப்லைட் காலத்தில் ஒரு கேலன் தண்ணீருக்கு இத்தனை வாட் என்றொரு கணக்குச் சொல்வார்கள். அப்போது எல்லோருடைய விளக்கும் ஏறக்குறைய ஒரே திறன் உள்ள குழல்விளக்கு என்பதால் அந்தக் கணக்கு ஓரளவு சரியாக வந்தது. எல்.இ.டி.யில் அது செல்லாது. வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரம். எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பதை அது சொல்வதில்லை. ஒரே பத்து வாட்டில் ஒரு விளக்கு 600 லூமென் தரும், இன்னொன்று 1200 தரும். எனவே பெட்டியில் லூமென் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். மண்மட்டத்தில் கிடைக்கும் பார் அளவையே அச்சிட்டிருந்தால் இன்னும் நல்லது. இரண்டும் இல்லாமல் வாட் மட்டும் பெரிய எழுத்தில் இருந்தால் அந்தப் பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள்.

லூமெனிலிருந்து பார் அளவுக்கு ஒரு தோராயப் பாதை உண்டு. ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென் எண்ணிக்கையை லக்ஸ் என்பார்கள். வெள்ளை எல்.இ.டி. ஒளியில் ஏறத்தாழ 70 லக்ஸ் ஒரு மைக்ரோமோலுக்குச் சமம். 25 மைக்ரோமோல் வேண்டுமென்றால் மண்மட்டத்தில் 1750 லக்ஸ். விளக்கிலிருந்து புறப்படும் ஒளியில் பாதி பக்கவாட்டில் சிதறி, மூடியிலும் நீரிலும் தேய்ந்து, மீதிப் பாதி மண்ணுக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். வீடுகளில் பரவலாக இருக்கும் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். சுமார் 56 லிட்டர் பிடிக்கும். அதன் தரைப்பரப்பு 0.186 சதுர மீட்டர். பெருக்கி, வழியில் தேயும் பாதிக்காக இரட்டித்தால் 650 லூமென் வருகிறது. நேர்மையாகத் தயாரித்த எல்.இ.டி.யில் அது ஆறேழு வாட். இதே தொட்டிக்கு 25 வாட் விளக்கைத் தலையில் கட்டும் வழக்கம் இருக்கிறது. அப்படிக் கட்டினால் மண்மட்டத்தில் நூறு மைக்ரோமோலை நெருங்கிவிடும். அடுத்த மாதம் அதை வாங்கியவர் பாசிக்கு மருந்து தேடி அதே கடைக்கு வருவார்.

நான்கடித் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நல்ல செய்தி. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரிக்கல் கடையில் வீட்டுச் சுவருக்கென்று விற்கும் சாதாரண 20 வாட், நான்கடி எல்.இ.டி. பேட்டன் 2000 லூமென் தரும். பாதியைக் கழித்துத் தரைப்பரப்பான 0.557 சதுர மீட்டரால் வகுத்தால் கிட்டத்தட்ட 1800 லக்ஸ் வரும். அதாவது 25 மைக்ரோமோல். மீன்தொட்டி விளக்கு என்று பெயர் போட்டு, அதற்கென ஒரு விலையும் போட்டு விற்பதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கிரிப்டோவும் அனுபியாஸும் பெட்டியின் பெயரைப் படிப்பதில்லை. ஒரே ஒரு நிபந்தனை: வீட்டு பேட்டன் ஈரம் தாங்கும்படி செய்ததல்ல. தொட்டிக்குக் கண்ணாடி மூடி போட்டு, அதற்கு மேலே, நீராவி படாத உயரத்தில்தான் அதைப் பொருத்த வேண்டும்.

என் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். ஆண்ட்ராய்டு செல்பேசியில் முன்பக்கக் கேமராவுக்குப் பக்கத்தில் ஒளி உணரி இருக்கும். லக்ஸ் காட்டும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். தொட்டியில் தண்ணீர் ஊற்றுமுன், காலித் தொட்டியின் தரையில் செல்பேசியை மல்லாத்தி வைத்து, மேலே விளக்கைப் போட்டு, நடுவில் ஒரு தடவை, நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு தடவை அளவெடுங்கள். நடுவில் 2000, மூலையில் 900 என்று வந்தால் கவலைப்படாதீர்கள், சந்தோஷப்படுங்கள். மூலைகள் அனுபியாஸுக்கும் 'மாஸ்' என்று விற்கும் பாசிச்செடிகளுக்கும். நடுவிடம் கிரிப்டோவுக்கும் வல்லிஸ்நேரியாவுக்கும். செல்பேசி உணரி ஆய்வுக்கூடக் கருவி இல்லை, ஒவ்வொன்றும் கொஞ்சம் கூடக் குறையக் காட்டும். ஆனாலும் இரண்டு விளக்குகளை ஒப்பிடவும், ஒரு விளக்கை அரை அடி உயர்த்தினால் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கவும் அது போதும். தண்ணீர் ஊற்றிய பிறகு கணக்கு சற்று மாறும். சாய்வாக வரும் கதிர்கள் நீருக்குள் நுழையும்போது செங்குத்தை நோக்கி வளைகின்றன. பக்கக் கண்ணாடியில் பட்டவை உள்ளேயே திரும்பிவிடுகின்றன. அதனால் நீர் நிரம்பிய தொட்டியில் ஒளி நாம் நினைப்பதைவிட நன்றாகவே கீழே இறங்குகிறது.

நிறத்தைப் பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. விளக்கு விற்பவர்கள் அதை இன்னும் கூட்டிவிட்டார்கள். அக்காசாக்கி, ஹிரோஷி அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு வாங்கித் தந்தது நீல எல்.இ.டி. அது வந்த பிறகுதான் வெள்ளை எல்.இ.டி. சாத்தியமாயிற்று. 450 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை மஞ்சள் பாஸ்பர் பூச்சின் மேல் பாய்ச்சினால், கொஞ்சம் நீலமும் நிறைய மஞ்சளும் பச்சையும் சிவப்பும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. செடிக்கும் அது நல்ல உணவு. பச்சை ஒளி செடிக்குப் பயன்படாது, சிவப்பும் நீலமும் மட்டுமே வேண்டும் என்று சொல்லி ஊதா விளக்குகளை விற்கிறார்கள். கீத் மெக்ரீ 22 பயிர்வகைகளை வைத்துச் செய்து 1972இல் வெளியான ஆய்வு, பச்சை ஒளியும் ஒளிச்சேர்க்கைக்கு நன்கு பங்களிக்கிறது என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே காட்டிவிட்டது. ஊதா விளக்கின் கீழே செடி வாழும். ஆனால் பச்சை இலை கறுப்பாகத் தெரியும், செர்ரி பார்ப்பின் சிவப்பு அசிங்கமாகத் தெரியும். பார்த்து மகிழத்தானே தொட்டி வைக்கிறோம்?

அதேபோல் சில கடைகளில் நீலச்சாயல் தூக்கலான விளக்கை மாட்டி வைத்திருப்பார்கள். அது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கானது. கடலின் ஆழத்துக்கு நீல ஒளியே அதிகம் போய்ச் சேர்வதால் பவளத்துக்கு அது பழக்கம். ஓடைச்செடிக்கு அந்த விளக்கு வேண்டாம். பெட்டியில் 6500 கெல்வின் அல்லது 'கூல் டே லைட்' என்று இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 4000 கெல்வின் இளமஞ்சள் வெண்மையும் நன்றாகத்தான் வளர்க்கும்; பழுப்புக் கிரிப்டோவுக்கும் மரக்கட்டைக்கும் அது ஓர் இதமான நிறம் தருகிறது, எனக்கு அதுதான் பிடிக்கும். நிறத்துல்லியக் குறியீடு, சி.ஆர்.ஐ. என்று போட்டிருப்பார்கள், 80க்கு மேல் இருக்கட்டும், 90 இருந்தால் மீனின் சிவப்பு உள்ளபடி தெரியும். இது செடிக்காக அல்ல, உங்கள் கண்ணுக்காக.

விளக்கில் ஒரே ஒரு கூடுதல் வசதிக்குக் காசு செலவழிக்கலாம் என்றால் அது டிம்மர். செயலியில் ஓடும் மின்னல், மேகம், நிலா எல்லாம் இல்லாமல் இருக்கலாம்; டிம்மர் இருக்க வேண்டும். நான் மேலே போட்ட கணக்கு எல்லாம் தோராயம். உங்கள் தொட்டியின் உயரம், மண், செடிகளின் நெருக்கம், மீன்களின் எண்ணிக்கை எல்லாம் சேர்ந்து கடைசியில் ஓர் அளவு அமையும். அதைக் கண்டுபிடிக்க விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிக்கவும் கூட்டவும் முடிய வேண்டும். டிம்மர் இல்லாத பேட்டன்காரர்கள் விளக்கை உயர்த்தலாம். அல்லது நீர்ப்பரப்பில் ஒரு கைப்பிடி அசோலாவை மிதக்கவிடலாம். மாட்டுத் தீவனமாக நம் விவசாயிகள் வளர்க்கும் அதே அசோலாதான். வேகமாகப் பெருகும், வாரம் ஒருமுறை பாதியை அள்ளி எடுத்துவிட வேண்டும். நாட்டுவாதுமை இலையை ஊறப்போட்டால் நீர் தேநீர் நிறமாகி நீல ஒளியைக் கணிசமாக விழுங்கும். சண்டைமீன் வளர்ப்பவர்களுக்கு அந்த இலை பழக்கமானது.

எவ்வளவு நேரம் என்பதற்கு ஒரு டைமர் போதும். புதுத் தொட்டிக்கு 6 மணி நேரத்தில் தொடங்குங்கள். செடி வேர்பிடித்துப் புது இலை விட்ட பிறகு 8 வரை போகலாம். வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தில் எரிவது நல்லது. மாலை மூன்று மணிக்குப் போட்டு இரவு பத்துக்கு அணைத்தாலும் செடிக்கு ஆட்சேபம் இல்லை. கையால் போட்டு அணைப்பவர்கள் ஒரு நாள் நாலு மணி நேரம், மறுநாள் பதினாலு மணி நேரம் என்று விட்டுவிடுவார்கள். ஜன்னலோரம் தொட்டி வைத்தால் இந்தக் கணக்கு எல்லாம் வீண். காலை வெயில் ஒரு மணி நேரம் நேராக விழுந்தால், நாம் நாள் முழுக்க அளந்து கொடுப்பதைவிட அதிக ஒளி அந்த ஒரு மணி நேரத்திலேயே விழுந்துவிடும்.

இப்போது புதிதாகச் செடி வாங்குபவர்களை அதிகம் பயமுறுத்தும் ஒரு விஷயம். கிரிப்டோவை நட்டு ஒரு வாரம் ஆகும். இலைகளின் ஓரம் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். பிறகு காம்போடு குழைந்து, தொட்டால் கையோடு வரும். வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து விளக்கைக் கூட்டுவார்கள். அங்கேதான் தொட்டி கெட ஆரம்பிக்கிறது. நாற்றுப்பண்ணையில் இந்தச் செடியைப் பெரும்பாலும் நீருக்கு வெளியே, ஈரக்காற்றில் வளர்க்கிறார்கள். காற்றுக்கென்று உருவான இலை நீருக்கடியில் நிலைக்காது. ஓடை பெருகும்போது இலங்கையிலும் அதுவேதான் நடக்கிறது. வேர் உயிரோடு இருக்கிறது. அழுகிய இலைகளைக் கத்தரித்து வெளியே எடுங்கள், செடியைப் பிடுங்கி இடம் மாற்றாதீர்கள், விளக்கைத் தொடாதீர்கள். சில வாரங்களில் நடுவிலிருந்து சுருண்ட சிறு குருத்து ஒன்று வரும். அது நீருக்கென்றே பிறந்த இலை.

இதற்கு நேர் எதிரான அடையாளத்தை அனுபியாஸில் பார்க்கலாம். அது ஒரு புது இலை விட வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். விட்ட இலை ஒரு வருடத்துக்கு மேலும் அங்கேயே இருக்கும். விளக்கு மிகுதியானால், உச்சியில் இருக்கும் பழைய இலையின் மேல்பக்கத்தில் கடுகளவு கரும்பச்சைப் பாசிப் புள்ளிகள் வரும். விரலால் துடைத்தால் போகாது. நகத்தால் சுரண்ட வேண்டும். அந்த இலையைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் சுத்தமாக இருக்கும். அதற்குக் கீழே நிழலில் இருக்கும் இலையிலும் புள்ளி இருக்காது. இதைவிடத் தெளிவாக ஒரு செடி நம்மிடம் பேச முடியாது. அனுபியாஸை மரக்கட்டையின் மறைவுக்கு நகர்த்துங்கள், அல்லது விளக்கைத் தணியுங்கள். ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக வந்தால் மட்டும் பயப்பட வேண்டாம், அவை அதன் வித்துக்கூடுகள்.

கடையில் அடுக்கி வைத்திருக்கும் சிவப்புச் செடிகள் மனதை இழுக்கும். நம் பொன்னாங்கண்ணிக் கீரையின் உறவான ஆல்டர்னாந்தெரா அங்கே ரத்தச்சிவப்பில் நிற்கும். அதன் சிவப்புக்கு வலுவான ஒளி வேண்டும், அந்த ஒளிக்கு ஈடாகக் கரியமிலவாயு வேண்டும். 25 மைக்ரோமோலில் அது மெலிந்து, கீழ் இலைகளை உதிர்த்து, வெறும் தண்டாக நிற்கும். தரையில் புல்விரிப்பாகப் படரும் செடிகளும் அப்படித்தான். அவற்றுக்காக விளக்கை உயர்த்தினால் மற்ற எல்லாச் செடிக்கும் கேடு. தயவுசெய்து வாங்காதீர்கள். சிவப்பு வேண்டுமென்றால் பழுப்புச்சிவப்பு இலை விடும் கிரிப்டோ ரகங்கள் இருக்கின்றன. குறைந்த ஒளியிலும் அவை நிறம் காட்டும்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதில் விளையாடக் கூடாது. பி.ஐ.எஸ். பதிவு எண் அச்சிட்ட அடாப்டரை மட்டும் வாங்குங்கள். தொட்டியிலிருந்து பிளக்குக்குப் போகும் வயர், பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி மேலேற வேண்டும். வயர் வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால் விளக்கு வாங்குமுன் அதைப் போடுங்கள். எல்.இ.டி. சில்லுகள் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். முதலில் போவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் டிரைவர்தான், அதைக் கொல்வது சூடும் ஈரமும். அலுமினிய உடல் உள்ள விளக்கு, டிரைவர் தனியே வெளியில் உள்ள விளக்கு நீண்ட நாள் வரும். சென்னை மே மாதத்தில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டும். அப்போது விளக்கு மூடியோடு ஒட்டியிருக்காமல் நான்கு விரல் இடைவெளி விட்டு, காற்று போகும்படி வையுங்கள். நீர் சூடாகும்போது செடியின் மூச்சு கூடும், அதில் கரையும் வாயுவும் குறையும். கோடையில் இலை சோர்ந்தால் ஒளியைக் கூட்டுவதை விட்டு நீரைக் குளிர்விக்கப் பாருங்கள். நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு மின்விசிறி போதும்.

ஏற்கெனவே பெரிய விளக்கு வாங்கிவிட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அதைத் தூக்கிப்போட வேண்டாம். டிம்மர் இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு இறக்குங்கள். இல்லையென்றால் ஒரு அடி உயர்த்திக் கட்டுங்கள், நேரத்தை ஆறு மணியாக்குங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றிவிட்டு மூன்று வாரம் பொறுங்கள். பழைய இலையில் ஒட்டிய பாசி தானாக மறையாது, ஆகவே அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாற்றத்துக்குப் பிறகு வந்த இலை சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கண்ணாடி மூடியை வாரந்தோறும் துடையுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் புழங்கும் வீடுகளில் அதன் மேல் படியும் உப்புக் கறையே கணிசமான ஒளியைத் தின்றுவிடும். நாட்பட்ட கறைக்கு ஒரு துணியில் வினிகரைத் தொட்டு, மூடியைத் தொட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் எழுதிக் கொண்டுவந்தவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை லூமென் வேண்டும் என்று சேர்ந்தே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.